ஹெட் இறக்கிய நாள்

கோணவட்டத்தில் என் ஷெட்டுக்கு இரு பக்கமும்
எதிரும் புதிருமாக இரண்டு பங்க்.
ஒன்றில் பகலிலும் விளக்கு எரியும்;
தொண்ணூற்றைந்து ஆக்டேன், காற்று இலவசம்,
கண்ணாடி துடைக்க ஒரு பையன்.
மற்றதில் பெயர்ப்பலகையின் பாதி எழுத்து
போன ஆடிக் காற்றில் போனது போனதுதான்.
லிட்டருக்கு ஏழு ரூபாய் குறைவு.

கிருபாகரனும் இலியாசும்
ஒரே நாளில், அடுத்தடுத்த நம்பரில்
எடுத்தது வெள்ளை வேகன் ஆர்.
ஆஸ்பத்திரி வாசலில்
ஸ்கேன் கவரும் கையுமாக நிற்கும் வங்காளிகளை
காட்பாடி ஸ்டேஷனில் விடுவது,
அதிர்ஷ்டம் இருந்தால் மீனம்பாக்கம்.
ஒருவன் விளக்கெரியும் பக்கம்தான் திரும்புவான்.
ஒருவன் இருநூறு இருநூறாக எதிர்ப்பக்கம்.
ஆறு வருஷம் என் பெஞ்சில் டீ ஆறியது
இந்த ஒரே வழக்கில்.

"வண்டிக்குக் கழனித்தண்ணி காட்டுறான் பார்."
"நான் எரிக்கிறது பெட்ரோல்,
நீ எரிக்கிறது காசு."

நான் தீர்ப்பு சொன்னதில்லை.
ஸ்பானர் எந்தப் பக்கமும் பேசாது.

போன ஐப்பசியில்
இரண்டு வண்டியும் ஒரே வாரம் கயிறு கட்டி வந்தன.

கிருபாகரனுடையது வாலாஜா டோலில் சூடேறி நின்றது.
ரேடியேட்டரில் தண்ணீர் சொட்டு இல்லை.
நாலு மாதமாக மூடியைத் திறந்தே பார்க்கவில்லை.
இலியாசுடையது சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டில்
இருமி இருமி அடங்கியது.
மழை இரவில் பங்கின் நிலத்தொட்டிக்குள்
இறங்கியிருந்தது சாலை வெள்ளம்.
டேங்கைக் கழற்றிக் கவிழ்த்தேன்:
அடியில் இரண்டு டம்ளர் தண்ணீர்.

ஆற்றில் தண்ணீர் பார்க்காத ஊரில்
ஒன்றுக்குத் தண்ணீர் இல்லாத நோய்,
ஒன்றுக்குத் தண்ணீர் வந்த நோய்.

எப்படியும் பார்த்துவிடலாம் என்று
இருவரும் கேட்டுக்கொண்டதால்
இலியாசின் ஹெட்டையும் இறக்கினேன்.
பழைய பேப்பர் விரித்து
இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.
ஓட்டியது இருவருமே ஒன்றரை லட்சம் கிலோமீட்டர்.
அவன் வால்வில் டீக்கறை.
இவன் வால்வில் காபிக்கறை.
நகத்தால் சுரண்டினேன், காபியும் போய்விட்டது.

அந்தப் பெட்ரோலில் கழுவும் மருந்து உண்டு,
இல்லையென்று சொல்ல மாட்டேன்.
ஆனால் இந்த இன்ஜின் கேட்டது தொண்ணூற்றொன்று.
ரசம் போதும் என்பவன் இலையில்
பாயசத்தைக் கவிழ்த்தால்
அவன் என்ன, ரெண்டு தடவையா பசியாறுவான்?

இலியாஸ் சாக்பீஸ் எடுத்து ஷட்டரில் பெருக்கினான்.
லிட்டருக்குப் பதினெட்டு, லிட்டருக்கு ஏழு.
ஐம்பத்தெட்டாயிரத்துச் சொச்சம்.
அந்தத் தொகையைத் துடைக்காமல் விட்டேன்,
இன்னும் பாதி தெரிகிறது.

அப்போது கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள்
கிருபாகரன் மனைவி ஜெபசெல்வி.
ராணிப்பேட்டையில் ஷூ ஃபாக்டரி,
ஷூவின் உள்ளங்காலில் தங்க எழுத்து குத்தும் மெஷின்.
ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை.
எட்டிப் பார்த்தாள் இரண்டு ஹெட்டையும்.
"என் மெஷினுக்கு வர்ற வரைக்கும்
எல்லாம் வெறும் ஷூதான்ணா.
ஒரே தோல், ஒரே பசை, ஒரே தையல்.
குத்தினது கப்பல் ஏறும்,
குத்தாம விட்டது ஆம்பூர் பிளாட்பாரத்துல
முந்நூறு ரூபா."

இலியாஸ் சிரித்த சிரிப்பில்
கேஸ்கெட் டப்பா உருண்டது.
கிருபாகரன் கையிலிருந்த கிரீசையே
வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தான்.

நாலாம் நாள் வண்டி தயார்.
தண்ணீர் நிறைத்து, மூடியை அவனையே திருகச் சொன்னேன்.
எந்தப் பக்கம் திரும்புகிறான் என்று
வாசலில் நின்று பார்த்தேன்.

இண்டிகேட்டர் விளக்கெரியும் பக்கம் மினுக்கியது.

கூப்பிட்டுக் கேட்டேவிட்டேன்.
கண்ணாடியை இறக்கிச் சொன்னான்:
"முத்திரைக்கு யாரும் காசு குடுக்கலன்னா
அவ மெஷின் எப்படிண்ணா ஓடும்?"

இலியாஸ் பழைய பங்க்குக்கே போகிறான்,
மழை விட்டு மூன்று நாள் கழித்து.

என் எக்ஸல் சூப்பர்
இருவர் டேங்கிலும் வடித்ததில் ஓடுகிறது.
தண்ணீர் அடியில் தங்கியபின்
மேலாக, துணியில் வடிகட்டியது.
ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகிறது.
யாருடையது என்று இதுவரை கேட்கவில்லை.