எழுத்துக்கு இரண்டு பவுண்டு

கிரிம்ஸ்பியில், மீன்சந்தைக்குப் பின்தெருவில்,
செருப்புக்கு அடி, சாவிக்கு நகல்,
பித்தளைத் தகட்டில் பெயர்
எல்லாவற்றுக்கும் ஒரே ஆள், கிளிஃபர்ட் டாஸ்கர்.
என் சாவிக்குப் பல் முளைத்துக்கொண்டிருந்தபோது
அவர்கள் இருவரும் வந்தார்கள்.

கடலைப் பார்த்துப் போட்ட பெஞ்சுக்கு ஒரு தகடு.
இறந்தவள் பெயர் ஈனிட்.
மகள் பிலிப்பா, பள்ளியில் ஆங்கிலம் நடத்துபவள்,
நான்காய் மடித்த தாளை நீட்டினாள்:
தி பெஞ்ச் ஆன் விச் ஷி சாட்.

ஹார்கிரீவ் கண்ணாடியைக் கழற்றினார்.
'உன் அம்மா ஆயுசில் ஒருமுறைகூட
ஆன் விச் என்று சொன்னதில்லை.
தி பெஞ்ச் ஷி சாட் ஆன். அவ்வளவுதான்.'

'முன்னால் வருவதால்தானே அப்பா
அதற்கு முன்னிடைச்சொல் என்று பேர்?
வாலில் தொங்கவிட்டால்
பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?'

'பார்க்கிறவர்கள் உட்காரட்டும்.'

டாஸ்கர் பென்சிலால் எண்ணினார்.
விச் ஐந்து எழுத்து. பத்துப் பவுண்டு.
'பணம் பிரச்சினையில்லை' என்றார்கள் இருவரும்,
அதில் மட்டும் ஒரே குரலில்.

நான் வாயைத் திறக்கவில்லை.
அவள் உட்கார்ந்த பெஞ்சு.
எனக்கு முடிந்தது வேலை.
மேல் எங்கே என்று கேட்டால்
ரசத்தில் புளி எங்கே என்பேன்.
ஆனால் அவள் பேசிய ஆள் என்று சொல்லிப் பாருங்கள்:
அவனோடு பேசினாளா, அவனைப் பற்றியா?
ஒரு டு, ஒரு அபவுட்
கடன் கேட்க வேண்டிய இரவுகள்
எனக்கும் இருந்திருக்கின்றன.

பிலிப்பாவின் போன் அடித்தது.
தெரியாத எண் போலிருக்கிறது.
'ஹூ ஆம் ஐ டாக்கிங் டு?' என்றாள்.

சாவி அறுக்கும் மெஷினை
டாஸ்கர் நிறுத்திவிட்டார்.
அப்பா சிரிக்கவில்லை.
சுவரில் தொங்கும் ஷூ லேஸ்களை
நிறம் நிறமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.
அவள் போனை வைத்தாள்,
பென்சிலை வாங்கினாள்,
தாளில் ஒரு சொல்லை அடித்தாள்,
ஒரு சொல்லைக் கடைசிக்கு இழுத்து
அம்பு போட்டாள்,
மாணவர் நோட்டில் போடுவதுபோல.

'முற்றுப்புள்ளி வேண்டுமா? அதற்குக் காசில்லை.'
'வேண்டாம்' என்றார் ஹார்கிரீவ்.

என் சாவி கதவைத் திறக்கவில்லை.
வியாழக்கிழமை மறுபடி போனேன்.
மேஜைமேல் தகடு.
ஆன் முடிந்த பிறகு
இரண்டு விரல் அகலத்துக்கு வெறும் பித்தளை.
'நீள வாக்கியத்துக்கு அளந்து
முன்னாலேயே வெட்டிவைத்துவிட்டேன்' என்றார் டாஸ்கர்.
'அவர்களிடம் சொல்லிவிடாதீர்கள்.'
பிறகு என் சாவியை வாங்கி
ஒரு பல்லை மட்டும் அராவினார்.