பதினாறு அங்குலம்

கேரியரின் நீளம் பதினாறு அங்குலம்.
நேற்றிரவு மாடிப்படிக்குக் கீழே
செல்போன் வெளிச்சத்தை வாயில் கவ்விக்கொண்டு
தையல் டேப்பால் அளந்தது.

ஈவ்னிங் பஜாரில் கடைகடையாய் ஏறி
அந்த எண்ணைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.
"எலக்ட்ரீஷியன் பெட்டியா மேடம்?
வீட்டுக்காரருக்கா?"

எனக்கு.
சைக்கிளுக்கு.
சைக்கிளில் போய்ச் சைக்கிள் பார்ப்பவளுக்கு.

முர்தசா மட்டும் ஒன்றும் கேட்காமல்
ஸ்டூலைப் போட்டு ஏறி
பரணிலிருந்து மூன்றை இறக்கினான்.

முதலாவது இரும்பு.
பிடியை இழுத்தால் இரண்டு பக்கமும் தட்டுத்தட்டாய் விரியும்.
இரண்டு முறை விரித்து மூடினேன், சும்மா.
காலிப் பெட்டியே நாலு கிலோ.
திருவான்மியூர் உப்புக்காற்றுக்கு
ஒரு ஐப்பசி தாங்குமா என்று கீலைச் சுரண்டினேன்.
புதுப் பெயிண்ட் எதையும் காட்டிக்கொடுக்கவில்லை.

இரண்டாவது சிவப்பு பிளாஸ்டிக்.
மூடிக்குள் குட்டிக் குட்டி அறைகள்.
இதன் தம்பிதான் போன வருஷம் என்னிடம் இருந்தது.
தரமணி சிக்னலில் கிளிப் தெறித்து
பால்ரஸ் அத்தனையும் ரோட்டில்.
ஒரு ஷேர் ஆட்டோவே நின்று பொறுக்கித் தந்தது.
முப்பத்தாறில் முப்பத்தொன்று தேறியது.
மீதி ஐந்தும் இன்னும் அங்கேதான்
தாரில் பதிந்து மினுங்குகின்றன,
குனிந்து பார்த்தால்.

மூன்றாவது பெட்டியே இல்லை, கித்தான்.
சுருட்டி வார் கட்டலாம்.
கனமில்லை, சத்தமில்லை, விலையுமில்லை.
ஆனால் அதை விரிக்க நான் தரையில் உட்கார வேண்டும்.
அபார்ட்மெண்ட் வாட்ச்மேன்கள்
பெட்டி திறப்பவளை ஒரு மாதிரியும்
தரையில் உட்கார்ந்தவளை வேறு மாதிரியும் பார்க்கிறார்கள்.
முர்தசாவிடம் இதைச் சொல்லவில்லை.
"கிரீஸ் ஊறிடும்" என்றேன்.

உள்ளே போனவன் வெகுநேரம் கழித்து
தலையில் ஒட்டடையோடு வந்தான்.
சாம்பல் நிறம், மூடி விளிம்பில் ரப்பர்,
கேமராக்காரர்கள் வாங்குவது.
பதினாலரை அங்குலம்.
ஆயிரத்து நானூறு
ஒரு டீ ஆறும் நேரத்தில் ஆயிரத்து நூற்றைம்பதானது.

"சாமான் கொண்டாந்திருக்கீங்கல்ல, வச்சுப் பாருங்க."

பழைய நைட்டித் துணி முடிச்சை அவிழ்த்தேன்.
செயின் கட்டர் குறுக்காக,
ஆலன் கீ கொத்து மூலையில்,
கோன் ஸ்பேனர்கள் ஒன்றின் முதுகில் ஒன்று,
பஞ்சர் சொல்யூஷன், உப்புத்தாள், ஸ்போக் கீ,
இடுக்கில் டயர் லீவர்.
மூடி குலுக்கினேன்.
சத்தமே இல்லை.
முர்தசா காதை வைத்துக் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

பெடல் ஸ்பேனர் மட்டும் வெளியே.
மூலைக்கு மூலை சாய்த்தும்
ஒரு விரற்கடை மிஞ்சியது.

அது நிலோஃபருடையது.
கைப்பிடியில் ரோஸ் நெயில் பாலிஷில் ஒரு 'நி'.
இரண்டு பேருமாய்த்தான் தொடங்கினோம்.
ஷார்ஜா போகும்போது அவள் கேட்கவில்லை,
நானும் கொடுக்கவில்லை.

"குட்டையா ஒண்ணு இருக்கு. இருநூத்தம்பது."

வேண்டாம், நீளம் இருந்தால்தான்
துருப்பிடித்த பெடல் அசையும் என்றேன்.
அதுவும் உண்மைதான்.

பழைய டியூபில் ஒரு துண்டு வெட்டி
சைக்கிள் பாரோடு சேர்த்துச் சுற்றிக் கட்டினேன்.
நேப்பியர் பாலம் ஏறும்வரை
பெட்டி இருப்பதே தெரியவில்லை.
இறக்கத்தில் தொடங்கியது,
பள்ளத்துக்குப் பள்ளம்
டங், டங் என்று பாரில் தட்டி,
முன்னால் போகிறவர்கள் மணியென்று நினைத்து ஒதுங்கும்படி.

கலங்கரை விளக்கம் சிக்னலில் இறங்கி
இன்னொரு சுற்றுச் சுற்றலாம் என்று காலை ஊன்றினேன்.
பையில் டியூப் துண்டும் இருந்தது.
அடையாற்றில் நாலு மணிக்கு ஒருவருக்கு
பிரேக் பிடிக்கவில்லையாம்.
பச்சை விழுந்தது.