ரகரமும் காலும்

வெள்ளிக்கிழமை, பின்னேரம் நாலு நாற்பது.
டான்டினோங் தெற்கில்
குளிரறைக் கதவு கடைசி முறையாக மூச்சு விடுகிறது.
லொறிக்காரர்கள் கையொப்பத்துக்கு நிற்கிறார்கள்.
எப்போதும் இந்த நேரம் பார்த்துத்தான்
வருகிறது அவசரம்.

"வங்கியை மாற்றிவிட்டோம்.
இன்றே இந்தப் புதுக் கணக்குக்கு அனுப்பினால் உதவி!!
உன் முழங்கால் எப்படி?"

கீழே கிளெனிஸ்.
போர்ட் லிங்கனில் சாளை மீனைப் பெட்டியில் அடைப்பவர்களின்
கணக்குப்பிள்ளை.
பதினொரு வருடமாக என் மறுமுனை.
முகம் கண்டதில்லை.

போன ஜூலையிலும் இப்படி ஒன்று வந்தது.
முழங்காலைக் கேட்டதும் இளகிப்போனேன்.
முப்பத்தெட்டாயிரத்து நானூறு டொலர்,
ஒரே ஒரு அழுத்து.
திங்கள் காலை உண்மையான கிளெனிஸ் கேட்டாள்:
காசு இன்னும் வரவில்லையே?

முகவரியில் ஓர் எழுத்து.
எம் என்று நான் வாசித்தது
ஆரும் என்னும் தோளோடு தோள் ஒட்டி நின்றது.
நான் யார், இதைத் தவறவிட?
ரகரத்துக்கும் காலுக்கும் நடுவே வளர்ந்தவள்.
கீழே ஒரு கீற்று இழுத்தால் ரகரம்,
இழுக்காவிட்டால் வெறும் கால்.
அந்தக் கீற்றுக்கு அன்று ஒரு புள்ளி வெட்டினார்கள்.
இன்று ஒரு லொறி மீன்.

ஸ்பிரிங்வேலிலிருந்து ஹுயின் வந்தான்,
கணினிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தான்.
பூட்டு எதுவும் உடைபடவில்லை.
பரா அண்ணையின் கடவுச்சொல்
கடையின் பெயரும் மகள் பிறந்த வருடமும்.
அதன் வழியாக வந்தவன்
மூன்று மாதம் ஒன்றையும் தொடாமல்
இருந்து வாசித்திருக்கிறான்.
யாருக்கு எவ்வளவு கழிவு,
அண்ணை எந்த வெள்ளி பேர்த்துக்குப் பறக்கிறார்,
எனக்கு எந்த ஆஸ்பத்திரியில் எந்தக் கால்,
கிளெனிஸ் எங்கே இரட்டை ஆச்சரியக்குறி போடுவாள்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது.
என் கடிதங்களை
ஒரு வரி விடாமல் வாசித்த மனிதன்
அவன் ஒருவன்தான்.

வங்கி ஏழாயிரத்தை மீட்டுத் தந்தது.
பரா அண்ணை ஒரு சொல் சொல்லவில்லை.
இரண்டு மாதம் இரவில் தானே
ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார், ஓர் ஆள் கூலி மிச்சம் என்று.
அது பின்னால் போகும்போது எழுப்பும் ஒலி
இன்றும் என்னைத்தான் கூப்பிடுகிறது.

அதற்குப் பிறகு நான் நத்தை.
லொறிக்காரர் வைத்த பெயர், பொருந்தும்.
உள்ளே நுழையக் கைபேசியில் ஆறு இலக்கம்,
தட்டுவதற்குள் மாறிவிடும்.
என் கடவுச்சொல் நாலு சொல் நீளம்.
அதில் ழகரம் உண்டு.
இல்லாமலும் இருக்கலாம்.
ஐயாயிரத்துக்கு மேல் போனால்
அண்ணையும் ஒரு முறை அழுத்த வேண்டும்.
லாச்சிக்குள் ஒரு நீலக் கொப்பி,
எந்தக் கம்பியோடும் தொடுப்பில்லாதது.
அதில் பேனையால் எழுதிய பழைய எண்கள்.

கடிதத்தில் இருக்கும் எண்ணை விட்டுவிட்டு
கொப்பியில் இருப்பதை அழுத்துகிறேன்.
ஒரு மணி, இரண்டு, ஐந்து.
வெளியே ஒருவன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுகிறான்.
ஏழாவதில் எடுக்கிறாள்.

"வங்கி மாற்றினீர்களா?"
"ஓம், நாங்கள்தான். நான்தான் எழுதினேன்."

இதை எதிர்பார்க்கவில்லை.
கள்ளனைப் பிடிக்கத் தயாராக இருந்த குரலை
என்ன செய்வதென்று தெரியவில்லை.
உண்மையும் அதே நேரத்தில் வருகிறது,
அதே அவசரத்தில்,
அதே முழங்காலை விசாரித்துக்கொண்டு.

"இலக்கங்களை வாசி" என்கிறேன்.
ஒவ்வொன்றாகச் சொல்கிறாள்.
நாலுக்கும் ஒன்பதுக்கும் இடையில்
அங்கே ஒரு கடற்காகம் கத்துகிறது.
நான் திருப்பிச் சொல்கிறேன். அவள் திருத்தவில்லை.

"சரி, முழங்கால்?"
"படி இறங்கும்போது மட்டும்" என்கிறேன்,
எந்தக் கடிதத்திலும் நான் எழுதாததை.

வெளியே ஹோர்ன் அடிக்கிறார்கள்.
அடிக்கட்டும்.