ஆறு மாதச் சைவம்

புந்தா அரேனாசில் காற்று முற்றினால்
தெருமுனைகளில் கயிறு கட்டுவார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்க.
அப்படி ஒரு கயிற்றைப் பிடித்தபடிதான்
அண்ணனிடம் முதன்முதலாகச் சொன்னேன்:
யெர்கோ, ஆட்டை விட்டுவிடு.
பாதி காற்றோடு போயிற்று.
"எந்தக் கோட்டை?" என்றான்.

சொல்ல எனக்கென்ன தகுதி?
குளிர்கிடங்கில் இருபத்திரண்டு வருடம் கணக்கெழுதினேன்.
பருவத்தில் ஒரு நாளைக்கு ஆயிரத்து நானூறு.
ஓர் ஆட்டுக்கு ஒரு கோடு,
ஐந்தாவது குறுக்கே.
ஒரு செவ்வாய்க்கிழமை அந்தக் குறுக்குக் கோட்டை
கை போட மறுத்தது.
அவ்வளவுதான். வெளிச்சம் எதுவும் இறங்கவில்லை.
வீட்டுக்குப் போய் உருளைக்கிழங்கு வேகவைத்துத் தின்றேன்.

புதிதாக விட்டவளுக்கு வாய் நீளம்.
பிறந்தநாளில் பேசினேன், ஞானஸ்நானத்தில் பேசினேன்,
கல்லறையிலிருந்து திரும்பும் வண்டியில்கூடப் பேசினேன்.
அவனுடைய ரத்தப் பரிசோதனைத் தாளை
அவனுக்கே உரக்க வாசித்துக் காட்டினேன்.
அண்ணி ஓதிலியா ஒருநாள்
கரண்டியைக் கீழே வைத்தாள்.
"உன் பேச்சையும் மென்றுதான் விழுங்கவேண்டியிருக்கிறது, நெவென்கா.
அதில் உப்பாவது போடு."

ஏப்ரலில் யெர்கோ தொலைபேசினான்.
விட்டுவிட்டேன் என்றான். மூன்று வாரம் ஆகிறதாம்.
அழுதேன்.
ஆடுகளுக்காக அல்ல.
அவன் இதயத்துக்காகக்கூட அல்ல, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன்,
ஜெயித்துவிட்டேன் என்று அழுதேன்.

அதன்பின் ஞாயிறுதோறும் மதியம் வந்தான்.
பயறு, பூசணி, சோளம்.
"ருசியாக இருக்கிறது" என்பான்,
தட்டை ரொட்டியால் துடைத்து வைப்பான்.
அக்டோபரில் ஒரு ஞாயிறு
அவன் கோட்டை ஆணியில் மாட்டப்போனேன்.
லெங்கா விறகின் புகை.
புகைக்கு அடியில் கொழுப்பு.
கொழுப்புக்கு அடியில் பூண்டு கரைத்த உப்புத்தண்ணீர்.
நேற்றையது அல்ல, அன்று காலையது.
மனத்தை மாற்றக் கிளம்பியவள்
மணத்தின் முன்னால் நின்றேன்.
ஒரு சுழிதான் வித்தியாசம்.

கேட்கவில்லை.
இன்னொரு கரண்டி பூசணி வைத்தேன்.
வயிறு நிறைந்தவன் தின்பதுபோலத் தின்றான்,
மெதுவாக, நெற்றி வேர்க்க.
என் உபதேசம் ஓர் ஆட்டைக் காப்பாற்றவில்லை.
ஒருவனை ஞாயிறுதோறும்
இரண்டு மதியச்சாப்பாடு சாப்பிட வைத்திருக்கிறது.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் என்பீர்கள்.
அப்படியும் இருந்து பார்த்தேன்.
பக்கத்து மேசை ஃபவுஸ்தினோ,
காலை ஒன்பதுக்கே பன்றித்தோல் வறுவல்,
அதன்மேல் ஒரு லிட்டர் சிவப்புச் சர்க்கரைத் தண்ணீர்.
கால்விரல் மரத்துப்போகிறது என்றான் ஒருநாள், சிரித்துக்கொண்டே.
அவனவன் வாய், அவனவன் பாடு என்று
பேரேட்டைப் புரட்டினேன்.
முதலில் விரல் போயிற்று. பிறகு பாதம்.
பிறகு அந்த நாற்காலியில் வேறொருவன்.
அடக்கத்தன்று அவன் மகள் கேட்டாள்,
கூடவே இருந்தீர்களே, உங்களுக்குத் தெரியாதா?
தெரியும்.

இது ஜனவரி. இரவு பத்துமணிக்கும் ஜலசந்தி வெளுத்துக் கிடக்கிறது.
யெர்கோவின் மகளுக்கு நிச்சயம்.
இரும்புச் சிலுவையில் கைகால் விரித்து ஒரு குட்டி.
என் எதிரிலேயே உப்புத்தண்ணீர் தெளிக்கிறான்.
யார் யாரிடம் எப்போது ஒப்புக்கொண்டோம் என்று நினைவில்லை,
அந்தப் பொய் எப்போதோ தானாக உதிர்ந்துவிட்டது.
தணலின் ஓரத்தில், தனிக் கம்பிவலையில்,
எனக்கு நான்கு குடைமிளகாய்.
கொழுப்பு தெறிக்காமல்
தகரத்தாளை நிமிர்த்தி மறைப்புக் கட்டியிருக்கிறான்.
இத்தனை வருடத்தில் நான் அதை
ஒருமுறையும் கேட்டதில்லை.

சுடச்சுடத் தின்கிறேன்.
அவன் மூன்றாவது துண்டை எடுக்கிறான்,
இடது கையால் மார்பைத் தேய்த்தபடி.
நாக்குக்கு அடியில் ஒரு வாக்கியம் இருக்கிறது.
காற்று கொஞ்சம் அடங்கட்டும்.