தலைதட்டி ஒரு டின்

மூன்று மணிக்கு மேல்
கோலக்கெட்டில் கிளினிக்கில் ஆள் வருவதில்லை.
குழந்தைத் தராசில் நாளிதழ் விரித்து
மாவு நிறுத்தேன்.
பினாங்கிலிருந்து நாத்தனார் கேட்டிருந்தாள்:
"டின் கணக்கெல்லாம் புரியாது அண்ணி,
கிராம்ல சொல்லுங்க."

பால் டின்னில் தலைதட்டிக் கோதுமை மாவு
நூற்றெழுபது.
அதே டின் சீனி இருநூற்றைம்பத்தைந்து.
தேங்காய்த் துருவல் நூறைத் தாண்டவில்லை,
அழுத்தினால் தாண்டும்.
அழுத்தலாமா என்று அவள் கேட்கவில்லை,
நானும் எழுதவில்லை.

திங்கட்கிழமை இதே தராசில்
பதினோராம் கட்டை இந்துமலரின் மகன்.
செம்பனைக் காட்டு மழையில்
நனைந்தே வந்திருந்தாள்.
போன மாதத்துக்கு இந்த மாதம்
நூற்றெண்பது கிராம் கூடுதல்.
"நூத்தியெம்பதுன்னா எவ்ளோ மிஸ்ஸி?"
"கொஞ்சம்" என்றேன்.
அவள் புத்தகத்தை மூடிக்கொண்டு போனாள்.

இப்போது கேட்டால் சொல்வேன்:
ஒரு பால் டின் மாவு,
கொசுறாக ஒரு கரண்டி.
சின்னதாக ஒரு கேக்
எழும்பி நிற்கும் அளவு, இந்து.

நாத்தனாருக்கு அனுப்பிவிட்டுத்
தராசை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன்.
தட்டின் மடிப்பில் மட்டும்
மாவு கொஞ்சம் போகவில்லை.
இருக்கட்டும்,
அடுத்த முறை
அதையும் அவன் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும்.