ஆழம் எட்டடி

விடுதியில் தரும் வரைபடத்தில்
பதினேழு இடங்களுக்கு எண் போட்டிருக்கிறார்கள்.
என்னைக் கேட்டால்
இந்த ஊரைத் தரையிலிருந்து பார்க்க வேண்டும்,
தண்ணீருக்கு அடியில் கிடக்கும் தரையிலிருந்து.
வாரத்துக்கு முப்பத்திரண்டு நீச்சல் குளம் கழுவுகிறவன் நான்.
பாம் ஸ்பிரிங்ஸுக்கு வடக்கே
காற்றாலைகள் தூங்காத பக்கம் என் வீடு.

காலை ஐந்தரைக்கே வந்துவிடுங்கள்.
ஜூலையில் அதற்குப் பிறகு
படிக்கட்டின் கைப்பிடிக் கம்பி தோலைக் கேட்கும்.
நீளக் கழியில் வலையை மாட்டி இழுத்தால்
இரவின் கணக்கு மேலே வரும்:
காகிதப்பூ, விசிறிப்பனையின் தாடிமயிர்,
ஒட்டவைத்த கண்ணிமை ஒன்று,
ஆலிவ் குத்திய பல்குச்சி,
இன்னும் சாகாத தேள்.
ஒருமுறை கீழ்வரிசைப் பல்செட் முழுதாக.
தேடி யாரும் வரவில்லை.
வாயை மூடிக்கொண்டே ஊர் திரும்பியிருப்பார், பாவம்.

சரி, நீங்கள் வந்தது சுற்றிப் பார்க்க.
ரோப் காரில் ஏறுங்கள்.
ஏறும்போதே பெட்டி மெல்லச் சுழலும்,
பத்து நிமிடத்தில் வெயிலிலிருந்து பனி.
அரைக்கால் சட்டையோடு போய் நடுங்குகிறவர்களை
வேடிக்கை பார்க்கலாம், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.
பேரீச்சம்பழ மில்க் ஷேக் குடியுங்கள்.
ஸ்ட்ரா அடைத்துக்கொள்ளும்.
கோபப்படாமல் இழுங்கள், அதற்குத்தானே விடுமுறை.
பள்ளத்தாக்கு வாசலில் லூவெல்லா டிக்கெட் கிழிப்பாள்,
கவீயா இனத்தவள்.
வெந்நீர் ஊற்று எங்கே என்று அவளிடம் கேட்டால்
"வந்த வழியிலேயே. இப்போது டைல்ஸ் போட்டிருக்கிறோம்.
இன்னும் எங்களுடையதுதான், காசு கட்டிவிட்டுக் குளியுங்கள்"
என்பாள், சிரிக்காமல்.

வரைபடத்தில் இல்லாத ஒன்றும் உண்டு.
எட்டே அறைகள் உள்ள பழைய விடுதி ஒன்றில்
'ஆழம் எட்டடி' என்று எழுதிய மூலை.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை
வலையில் மோதிரம் வந்தது,
உள்பக்கம் தேதி செதுக்கியது.
ஐந்தாம் அறை திருமதி லுண்ட்க்விஸ்ட்
கரையில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.
"தொலைத்துவிட்டீர்களா?" என்று நீட்டினேன்.
"தொலைக்கவில்லை, பிலெமோன். போட்டேன்."
சுளை ஒன்றை என் பக்கம் நீட்டினார்.
"மினசோட்டாவில் எங்கள் வீட்டு ஏரியில்தான் போட்டேன் முதலில்.
ஏரி உறைந்திருந்தது.
டிங் என்று விழுந்து மேலேயே கிடந்தது.
பொறுக்கிக்கொண்டு விமானம் ஏறினேன்."

இதற்கு என்ன பதில் சொல்வது.
ஈரக் கையால் வாங்கித் தின்றேன்,
குளோரின் வாசனையோடு இனித்தது.
பிறகு மோதிரத்தைச்
சத்தம் வராமல்
போன இடத்துக்கே அனுப்பினேன்.

அன்றிலிருந்து அந்த மூலையில் மட்டும்
என் பிரஷ் ஒரு வளைவு வளைந்து போகும்.
ஈஸ்டர் விடுமுறையில் ஒரு பொடியன் மூழ்கி எடுத்து
விடுதியே அதிரக் கத்தினான்.
முதலாளி என்னிடம் தந்து
காணாமல்போன பொருள் டப்பாவில் போடச் சொன்னார்.
போட்டேன்.
அடுத்த செவ்வாய் டப்பாவில் அது இல்லை.
திருடன் என்று நினைக்காதீர்கள்.
எட்டடி தள்ளி வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

டிசம்பரில் வந்தால் இன்னொன்று பார்க்கலாம்.
மூன்று மணிக்கெல்லாம் மலையின் நிழல் இறங்கிவரும்.
எல்லோரும் நாற்காலியை வெயில் பக்கம் இழுப்பார்கள்,
இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்,
கடைசியில் வேலி வந்துவிடும்.
நிழல் தண்ணீரைத் தொட்டதும்
மேலே இருந்த பளபளப்பு போய்
அடி தெரியும்.
அப்போது குனிந்து பாருங்கள்.
எடுக்க வேண்டாம்.

போகும்போது ஈரத் துண்டைக் கூடையில் போட்டுவிடுங்கள்.
துண்டு பொறுக்குவது என் வேலை இல்லை.
ஆனாலும் பொறுக்குகிறேன்.