பன்னிரண்டு சென்டிமீட்டர்

பதிவுக் கருவியின் சிவப்புப் புள்ளி எரியத் தொடங்கியதும்
எல்லோரும் ஒருகணம் நல்லவர்களாகிவிடுகிறார்கள்.
இவர் மட்டும் கொட்டாவி விட்டார்.

துர்க்கு நகரத்துச் சிறை. நவம்பர்.
நாலு மணிக்கே இருட்டிவிட்ட சன்னல்.
ஒப்புதல் படிவத்தை அவர் பக்கம் நகர்த்தினேன்:
எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்,
காரணம் சொல்ல வேண்டியதில்லை.
"இங்கிருந்தா?" என்று கேட்டார்.
என் கேள்விப்பட்டியலில்
இதற்கு இடம் விட்டிருக்கவில்லை.

நாற்பத்தொரு பேர்.
இரவுகளில் காதில் மாட்டிக்கொண்டு
ஒவ்வொரு குரலாகத் தட்டச்சு செய்தேன்.
மௌனத்துக்கு அடைப்புக்குறி,
நான்கு விநாடியைத் தாண்டினால் உள்ளே ஓர் எண்.
அழுகையை என்ன செய்வதென்று கையேட்டில் இருந்தது,
சிரிப்பை என்ன செய்வதென்றும்.
இரண்டும் ஒரே மூச்சில் வந்தால்
அதற்கு மட்டும் குறி இல்லை.

பதினேழாமவர் சொன்னது இவ்வளவுதான்:
ஏரிக்கரைக் குடில், இருட்டாத கோடை இரவு,
இரண்டு சிநேகிதர்கள், ஒரு போத்தல்,
மீன் அரியும் கத்தி.
எதற்குச் சண்டை என்று இன்றுவரை நினைவில்லை.
கத்தியைக் கழுவி எங்கே வைத்திருந்தார்கள் என்பது
நன்றாக நினைவிருக்கிறது.
(மௌனம், பதினொன்று.)

பெயரை மாற்றிவிடுவேன், உங்கள் பாதுகாப்புக்கு, என்றேன்.
"என்னைப் பற்றி எழுதிய எல்லாக் காகிதத்திலும்
என் பெயர் இருக்கிறது.
போலீஸ், நீதிமன்றம், பத்திரிகை,
ஒரு எழுத்துப்பிழைகூட இல்லாமல்.
நானாகப் பேசியது இது ஒன்றுதான்.
இதில் மட்டும் வேண்டாமா?"

அறநெறிக் குழுவுக்கு எழுதிப் போட்டேன்.
ஆறு வாரம் கழித்து ஒற்றை வரி வந்தது.
அவருக்குத் தௌனோ என்று பெயர் வைத்தேன்.
அது என் பல் மருத்துவரின் பெயர்.

தௌனோ என் ஆய்வேட்டில் இரண்டு முறை வருகிறார்,
ஒரு முறை அடிக்குறிப்பில்.

மே மாதம், பட்டமளிப்புக்கு முந்தின மாலை.
இந்த நாட்டில் முனைவருக்கு
உயரமான கறுப்புத் தொப்பியும் ஒரு வாளும் உண்டு.
உண்மையைக் காப்பதற்காம்.
சாணைக்கல்லை அர்த்தூரி சுற்ற,
பேராசிரியை கல்லின்மேல் நுரைக்கும் ஒயினைச் சாய்க்க,
இரண்டு கையாலும் வாளைப் பிடித்தபடி நின்றேன்.
கைதட்டினார்கள்.
எனக்குக் கல்லின் கீச்சொலிதான் கேட்டது.

கடைசிச் சந்திப்பில் அவரிடம் இதைச் சொல்லியிருந்தேன்.
ஏன் சொன்னேனோ. பெருமைதான், வேறென்ன.
"எவ்வளவு நீளம்?"
எண்பது சென்டிமீட்டர் இருக்கும்.
"என்னுடையது பன்னிரண்டு," என்றார்.
"ஒன்பது வருஷம்."
பிறகு காவலர் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார்.
நானும் சிரித்தேன்.
அந்தப் பகுதியை நான் தட்டச்சு செய்யவில்லை.

வாளை நீண்ட அட்டைப்பெட்டியில் வைத்துப்
பேருந்தில் வீடு திரும்பினேன்.
இரவு பத்துமணிக்கும்
அவுரா ஆற்றின்மேல் வெளிச்சம் கிடந்தது,
யாரோ அணைக்க மறந்துபோன மாதிரி.
ஓட்டுநர் பெட்டியைப் பார்த்து
"தூண்டிலா?" என்றார்.
"ஆமாம்" என்றேன்.

ஐந்து வருஷ ஆய்வில் நான் சொன்ன முதல் பொய்,
என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே
பல் மருத்துவமனை நிறுத்தத்தில் பேருந்து நின்றது.
கதவு திறந்தது.
யாரும் ஏறவில்லை, இறங்கவில்லை.